சி டிரைவின் பேர்

இல்லம்மா, அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. ம்... இப்ப சரி. கொஞ்சம் மெதுவாப் பேசுவோம், அத்தை உள்ள தூங்குறாங்க. நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பாங்க.

சின்னவ வர இன்னும் அரை மணி நேரமாவது ஆகும். அவளுக்கு அரை மணின்னா முக்கா மணி. வந்தா நமக்குத் தெரியும், கவலைப்படாதீங்க. சாவி எடுத்துட்டுப் போகவே மாட்டா. மணி அடிப்பா, நான் யாருன்னு கேப்பேன், நான்தான்க்கான்னுவா. இந்த வீட்டுல அவ ஒருத்திதான் நான் போல. மத்தவங்க எல்லாம் வெறும் அவங்க இவங்க.

சும்மா சொன்னேன். நல்ல பொண்ணுதான். என் கொழுந்தன் பொண்டாட்டின்னு சொல்லல, நிஜமாவே நல்ல பொண்ணு. அதுதான் கஷ்டமே.

மெஷினுக்குப் பக்கத்துல வைக்க அட்டை எழுதணும்னீங்களே, அதக் காட்டுங்க. மெஷின் எந்த வருஷத்தது... அது எழுதியாச்சு. என்ன சிஸ்டம்... அதுவும் ஆச்சு. சிஸ்டத்தப் போட்டவர் பேர்... ஓ. அவ பேரப் பென்சில்ல எழுதி வச்சிருக்கீங்க. பேனாவால எழுதலையே? அட, சும்மாதான் கேட்டேன். இந்த மெஷின் உங்க காலேஜ் கூடத்துலயே இருக்கப்போகுதா? கண்ணாடிப் பெட்டிக்குள்ள? அப்ப அட்டையும் அங்கயேதான் இருக்கும். பத்து வருஷம், இருபது வருஷம். வர்றவங்க எல்லாம் படிப்பாங்க. சரி, சரி.

எதும்மா, அந்த மேல் வரியா? உள்ள என்னென்ன இருக்குன்னு பாக்க டி ஐ ஆர்னு அடிச்சா முதல்ல வருமே, அதானே? சி டிரைவ், அதான் மெஷினுக்குள்ள இருக்கிற டிஸ்க், அதோட பேர் நான்தான்னு இங்கிலீஷ் எழுத்துல வரும். ஆமா, பாத்திருக்கேன். அது யார் வச்சதுன்னா... இருங்க, முதல்ல டீ குடிங்க. ஆறிடும். அதெல்லாம் சொல்ற விஷயந்தான், ஓடியா போகப்போகுது.

இந்த வீட்டுக்கு முன்ன என்ன பேர் தெரியுமா? டைப்பிஸ்ட் வீடு. ஆட்டோக்காரர்கிட்டச் சொன்னாப் போதும், நேரா வாசல்ல விட்டுருவார். நான் பதிவாளர் ஆபீசுல இருபத்திரெண்டு வருஷம் தட்டச்சு பண்ணினேன். கண்ணு காகிதத்துல, விரல் மெஷின்ல. கீழ குனிஞ்சு பாத்தா எங்க வாத்தியார் ஸ்கேலால தட்டுவார். சின்னவ எப்படி அடிக்கிறா, பாத்தீங்களா? ரெண்டே விரல். கோழி கொத்துற மாதிரி. ஆனா இப்ப இது என்ன வீடு? கம்ப்யூட்டர் வீடு. அந்த ரெண்டு விரல் பண்ணின வேலை.

அவ கல்யாணமாகி வந்தப்போ ஒரு பெட்டி கொண்டுவந்தா. புடவையா இருக்கும்னு அத்தை திறந்து பாத்தா, உள்ள பூரா பச்சைத் தகடு, ஒயர். அப்புறம் ஒவ்வொண்ணா வந்து சேர்ந்துச்சு. ஆபீசுல தூக்கிப் போட்டது, பள்ளிக்கூடத்துல மூலையில கிடந்தது, ஒருத்தர் அதுமேல பூந்தொட்டி வச்சிருந்தாராம், அதையும் கேட்டு வாங்கிட்டு வந்தா. உங்க மாமா, அதான் என் வீட்டுக்காரர், மாடி ரூமையே குடுத்துட்டார். நான் தையல் மெஷின் போட எட்டு வருஷமாக் கேட்டுட்டு இருந்த ரூம். கேட்டு என்ன ஆச்சு.

இதுங்களுக்குப் புதுசா எதையும் ஏத்த முடியாதும்மா. தாங்காது. நம்ம போன்ல இருக்கிற ஒரு போட்டோ மொத்த மெஷினையும் நிரப்பிடும். அதனால இந்தக் குட்டி சிஸ்டம். படம் கிடையாது, அம்புக்குறி கிடையாது. கறுப்பு ஸ்கிரீன், பச்சை எழுத்து, ஒரு குச்சி மினுக்கும். என்ன வேணும்னு நீங்கதான் அடிக்கணும். அடிக்காட்டி அதுபாட்டுக்கு மினுக்கிக்கிட்டே இருக்கும். எனக்கு அது பிடிக்கும். தானா எதையும் சொல்லாது, கேட்டதுக்கு மட்டும் பதில். இந்த வீட்டுல அப்படி ஒரு ஆள் இருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்.

போடுறதும் ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. இவ பண்றதப் பாத்துட்டு ஊரே வாயப் பிளக்குது. மொத்தம் ஏழு ப்ளாப்பி, உள்ளங்கை அளவு சதுரத் தகடு. முதல் ப்ளாப்பியப் போட்டு மெஷினத் தட்டிவிட்டா மூணு வழி காட்டும், ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒண்ண அழுத்தணும். அப்புறம் அது கேக்கக் கேக்க அடுத்தடுத்த ப்ளாப்பி. நாலாவது கொஞ்சம் முனகும், பயந்து வெளிய எடுத்துடக் கூடாது, இருபது எண்ணுறவரைக்கும் கையக் கட்டிட்டு உக்காந்திருக்கணும். ஆறாவதோட மூடி வளைஞ்சிருக்கு, அத லேசா நகத்தால தூக்கிவிட்டுத்தான் உள்ள தள்ளணும்...

எப்படித் தெரியும்னா? பாத்திருக்கேன்ல. பக்கத்துல நின்னு.

ஆமா, நான் மாடிப்பக்கமே போனதில்லன்னு அவ சொல்லியிருப்பா. எப்பவாவது போவேன், துணி காயப்போட.

நான் சொல்லிட்டு இருந்தது அத்தை விஷயம். எனக்கும் அத்தைக்கும் நாலு மணி டீன்னு ஒண்ணு இருந்துச்சு. பதினெட்டு வருஷம். நான் ஆபீசுல இருந்து சீக்கிரம் வர்ற நாள்ல, அப்புறம் வேலைய விட்டபிறகு தினமும். ரெண்டு டம்ளர், ரெண்டு பேர். பெருசா ஒண்ணும் பேச மாட்டோம். கீழ்வீட்டுக்காரி இன்னிக்கி யாரோட சண்டை, குழாய்ல தண்ணி ஏன் கலங்கலா வருது, அவ்வளவுதான். ஆனா அது என் நேரம். எங்க வீட்டுக்காரரே அந்த நேரத்துல குறுக்க வர மாட்டார்.

சின்னவ இந்த மெஷின ரிப்பேர் பண்ணிக் கீழ கொண்டுவந்து, இதோ இதே மேசையில வச்சா. அத்தைக்காக ஒரு விளையாட்டு போட்டா. பாம்பு விளையாட்டு. எழுத்தாலயே பாம்பு, புள்ளிதான் தீனி. சுவத்துல மோதினா செத்துப் போகும். மெஷினத் தட்டினதும் இங்கிலீஷ் எழுத்துல ஒரு வரி வரும், இப்பவும் வருதே, வாங்க அத்தை, டீ நாலு பத்துக்குன்னு. நாலு மணிக்கு ஆட்டம், நாலு பத்துக்கு டீ. என் டீய பத்து நிமிஷம் தள்ளி வச்சு, அதையும் ஸ்கிரீன்ல எழுதி வச்சுட்டா பாருங்க! அப்புறம் நாலு பத்து நாலரை ஆச்சு. அஞ்சாச்சு. அத்தை பாம்ப விட்டு எழுந்திரிக்கவே மாட்டாங்க. சின்னவ பக்கத்துல உக்காந்து, இடது பக்கம் அத்தை, இடது பக்கம், ஐயோ திருப்புங்கன்னு கத்துவா. ரெண்டு பேரும் சிரிப்பாங்க. நான் டம்ளரக் கொண்டுவந்து வச்சா, அங்க வச்சிடு பெரியவளேன்னு கையக் காட்டுவாங்க. திரும்பிப் பாக்காம.

அத்தை ஒரு நாள் நாலாயிரத்து முந்நூத்திப் பத்து எடுத்துட்டாங்க. அதுதான் உச்சம். அது மெஷினுக்குள்ள பதிஞ்சு இருக்கும், மூணெழுத்துப் பேரோட. தெருவுல ஒருத்தர் பாக்கி இல்ல, எல்லார்கிட்டயும் சொன்னாங்க. பால்காரர்கிட்டச் சொன்னாங்க. டாக்டர் பிரஷர் பாக்கிறப்போ எவ்வளவு இருக்குன்னு இவங்க கேக்கணும், அதுக்குப் பதிலா இவங்களே நாலாயிரத்து முந்நூத்திப் பத்துன்னாங்க. டாக்டர் பிரஷர் மெஷின ஒரு தடவ பாத்தார், இவங்கள ஒரு தடவ பாத்தார்.

சிரிக்கிறீங்க. நானும் சிரிச்சேன் அப்ப.

ஐயோ, அவ பேர எழுதப் பேனாவ எடுத்துட்டீங்களா? கொஞ்சம் இருங்கம்மா. மூடுங்க அத. ஒரு நிமிஷம்.

போன வருஷம் சின்னவ வீட்டுப் பக்கம் ஒரு கல்யாணம். மூணு நாள். எல்லாரும் கிளம்பினாங்க. எனக்குக் கால் வலின்னு நான் போகல. எங்க வீட்டுக்காரர் ஆபீஸ். கிளம்புறப்போ அத்தை வாசல்ல நின்னு சின்னவ தோளத் தட்டி, நீ பக்கத்துல இருந்தாத்தான் எனக்குப் பொழுது போகுது கண்ணுன்னாங்க. அப்புறம் திரும்பி என்னப் பாத்தாங்க. எனக்கும் ஏதோ சொல்லப்போறாங்கன்னு நின்னேன். பெரியவளே, மெஷின்ல தூசி படாமத் துணி போட்டு மூடி வைன்னாங்க.

துணியெல்லாம் போட்டேன். நல்லா மூடினேன். நாலு மணிக்குப் பழக்கத்துல ரெண்டு டம்ளர் டீ போட்டேன். ரெண்டையும் நானே குடிச்சேன். குடிச்சுட்டு வந்து துணிய எடுத்தேன்.

சின்னவ ஒரு நோட்டு வச்சிருக்கா. நீங்க பாத்தீங்களா? நீல அட்டை. எந்தக் கட்டளைக்கு என்ன நடக்கும்னு வரிசையா, முத்து முத்தா எழுதியிருப்பா. கையெழுத்து கூட நல்லாயிருக்கணுமா ஒருத்திக்கு? அதுல ஒரு பக்கத்துல மட்டும் சிவப்பு மையில ஒரு வரி. இத மட்டும் மறந்தும் அடிக்காதே, மொத்தமும் போயிடும்னு. அடியில அந்தக் கட்டளைய அழகா, ஒரு எழுத்து விடாம எழுதி வச்சிருக்கா. பாருங்க, வேற என்ன வேணும் எனக்கு?

அடிச்சேன்.

அது உடனே அழிக்காதும்மா. நல்ல சிஸ்டம். நிஜமாவான்னு கேக்கும். ஒய்ன்னு ஒரு எழுத்து போட்டா ஏத்துக்காது. ஒய் ஈ எஸ்னு மூணும் அடிச்சாத்தான் நகரும். அதனால கை தவறிடுச்சுன்னு நான் யார்கிட்டயும் சொல்ல முடியாது. மூணு எழுத்து. தட்டச்சுல முதல் வகுப்பு நான். என் கை தவறாது.

அழிஞ்சு முடிக்க ஆறு நிமிஷம் ஆச்சு. சதவீதம் ஏறிக்கிட்டே போச்சு. முப்பது வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, சந்தோஷமா இருந்துச்சுன்னுகூடச் சொல்லலாம். நாப்பதுலதான் அந்த நாலாயிரத்து முந்நூத்திப் பத்து ஞாபகம் வந்துச்சு. எனக்குக் கோவம் சின்னவ மேல. போனது அத்தையோடது.

இல்ல, யாருக்கும் தெரியாது. இன்னிவரைக்கும். உங்களுக்கு ஏன் சொல்றேன்னா, நீங்க பேனாவ எடுத்துட்டீங்க.

அப்புறம் என்ன, மாடிக்கு ஓடினேன். கால் வலியெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. ஏழு ப்ளாப்பியும் ஒரு டப்பாவுல நம்பர் போட்டு வச்சிருந்தா. நோட்டப் பிரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்தேன். முதல் ப்ளாப்பி. மூணு வழி காட்டுது. ஒண்ண அழுத்துன்னு நோட்டுல இருக்கு. அழுத்தினேன். பீப்புங்குது. மறுபடியும் அழுத்தினேன். பீப். அணைச்சுப் போட்டேன். பீப். ப்ளாப்பியத் தொடச்சேன், சாமிகிட்ட வேண்டினேன், மெஷின ஒரு தட்டு தட்டினேன். பீப். இருட்டுறவரைக்கும் இதே கூத்து. எங்க வீட்டுக்காரர் வந்து என்ன சத்தம்னார். குக்கர்னேன்.

என்ன தப்பு தெரியுமா? மறுநாள் காலையில தோசைக் கரண்டியோட நிக்கிறப்போதான் பொறி தட்டுச்சு. நான் படிச்ச தட்டச்சு மெஷின்ல ஒண்ணுக்குத் தனிக் கட்டையே கிடையாதும்மா. சின்ன எல் எழுத்த அடிச்சா அதுதான் ஒண்ணு. பூஜ்யத்துக்குப் பெரிய ஓ. இருபத்திரெண்டு வருஷம் அப்படி அடிச்ச விரல். கண்ணு நோட்டுல இருக்கு, விரல் தானா எல்லுக்குப் போகுது. காகிதத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான். இந்த மெஷினுக்கு இல்ல. குனிஞ்சு கீபோர்டப் பாத்து, மேல் வரிசையில இருந்த நிஜ ஒண்ண அழுத்தினேன். என் வாழ்க்கையிலயே முதல் தடவையா குனிஞ்சு பாத்து அடிச்ச எழுத்து. உடனே ரெண்டாவது ப்ளாப்பியக் குடுன்னுச்சு. அழுதுட்டேன்.

ஏழும் ஏறி முடியறப்போ ஒரு கேள்வி கேட்டுச்சு. டிஸ்குக்கு என்ன பேர்? பதினோரு எழுத்துக்குள்ள. நோட்டுல அதப் பத்தி ஒண்ணும் இல்ல. அவ என்ன பேர் வச்சிருந்தாளோ, பேரே வைக்காம விட்டிருந்தாளோ, எனக்கு எப்படித் தெரியும். மினுக்கிக்கிட்டு நிக்குது. யாரு, யாருன்னு கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு கேக்கிற மாதிரி இருந்துச்சு. நான்தான்னு அடிச்சேன். ஒன்பது எழுத்துதான் வந்துச்சு, எடம் மிச்சம். யாராவது பாத்தாலும் சின்னவளோட குறும்புன்னு நினைச்சுப்பாங்க. வாசல்ல அவ சொல்றதுதானே அது. ஆனா அடிச்சது என்னோட நான். அது எனக்குத் தெரியும். அது போதும்னு இருந்துச்சு. அன்னிக்கி.

இன்னும் கேளுங்க. இன்னொரு ப்ளாப்பியில இருந்த விளையாட்ட ஏத்திட்டேன், நோட்டப் பாத்து வாங்க அத்தை வரியையும் அடிச்சுட்டேன். ஆனா ஸ்கோர் பூஜ்யம். அத்தையோட நாலாயிரத்து முந்நூத்திப் பத்துக்கு நான் எங்க போவேன்? விளையாடித்தான் ஆகணும். விளையாடினேன். சமைக்கல, எங்க வீட்டுக்காரர ரெண்டு நாள் ஹோட்டல்ல சாப்பிடச் சொல்லிட்டேன். மூணாவது நாள் மத்தியானம் கை பழகிடுச்சு. தட்டச்சுக் கையில்லையா. ஓட்டினேன் பாருங்க, நாலாயிரத்து எண்ணூத்தி எழுபது! இந்த வீட்டுல யாரும் எடுக்காத ஸ்கோர். எழுந்து நின்னுட்டேன். சுத்திப் பாக்குறேன், யாரும் இல்ல.

அத அழிச்சேன். வேற வழி? அத்தை வந்து பாத்தா என்ன ஆகும்? ஸ்கோர் இருந்த ஃபைல அழிச்சுட்டு மறுபடியும் முதல்லருந்து ஆடினேன். சரியா நாலாயிரத்து முந்நூத்திப் பத்து வந்ததும், எதிர்ல ஒரு புள்ளி காத்துக்கிட்டு இருக்கு, நான் பாம்பத் திருப்பி நேரா சுவத்துல மோதவிட்டேன். பேர் கேட்டுச்சு. அத்தை பேரோட மூணெழுத்தப் போட்டேன். துணி போட்டு மூடினேன். அரை மணியில ஆட்டோ சத்தம்.

அன்னிக்கி சாயந்திரம் அத்தை துணிய எடுத்துப் பாத்து, என் ஸ்கோர் பத்திரமா இருக்குன்னாங்க. சின்னவ கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பாத்தா. ஏதோ ரெண்டு கட்டளை அடிச்சா. அப்புறம் என்னப் பாத்து, சுத்தமாத் தொடச்சிருக்கீங்கக்கான்னா. தூசியச் சொல்றான்னு நினைச்சு, பின்ன, நான் தொடச்சா அப்படித்தான்னேன்.

அவ்வளவுதான் கதை. இப்ப நீங்க எல்லாரும் வந்து, எவ்வளவு சுத்தமா சிஸ்டம் போட்டிருக்காங்க, மெஷின் எவ்வளவு வேகமா எழுந்திரிக்குதுன்னு அவளப் புகழுறீங்க. அது நான் போட்டது. நான் போட்டேன்னு சொல்லணும்னா, நான் அழிச்சேன்னும் சொல்லணும். நீங்க பாட்டுக்கு அட்டையில...

என்னது?

அவளா? போன்லயா? மேல் வரியப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க, அக்காகிட்ட கேளுங்கன்னு சொன்னாளா? அவளேவா?

அவளுக்கு எப்படித் தெரியும்? நான்தான்னு இருந்தா அது யாரா வேணாலும்...

எந்த வரி? வாங்க அத்தை வரியா? அதுல என்ன? தட்டுங்க, நான் பாக்குறேன். கண்ணாடி எங்க... இருக்கு. நாலு... புள்ளி...

அட கடவுளே.

எல். ஒண்ணு இல்ல, சின்ன எல். அதுக்குப் பக்கத்துல பூஜ்யத்துக்குப் பதிலா ஓ. மத்தது எல்லாம் பெரிய எழுத்து, இது ஒண்ணு மட்டும் சின்னதா, பல்லக் காட்டிக்கிட்டு நிக்குது. கட்டளைன்னா மெஷின் கத்தியிருக்கும். இது வெறும் வாங்கன்னு கூப்பிடுற வரி, எத அடிச்சாலும் அப்படியே காட்டிட்டுப் போயிடும். ஒரு வருஷமா தினமும் நாலு மணிக்கு என்னக் காட்டிக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கு. இந்த வீட்டுல எல்ல ஒண்ணா அடிக்கிற ஆள் வேற யாரு?

அப்ப அவ அன்னிக்கே பாத்துட்டா. சுத்தமாத் தொடச்சிருக்கீங்கன்னது தூசிய இல்ல. அந்த நீல நோட்ட அதுக்கப்புறம் மாடிக்கே கொண்டுபோகல, இங்கயே மேசைமேல விட்டுட்டுப் போவா. பொறுப்பில்லாதவன்னு நான் திட்டிக்கிட்டு இருந்தேன். அந்த வரியையும் திருத்தல. ரெண்டு எழுத்து, அவ ரெண்டு விரலுக்கு ரெண்டு நொடி வேலை. திருத்தவே இல்ல. அத்தைகிட்டயும் ஒரு வார்த்தை விடல.

பாத்தீங்களா? இதுலயும் அவதான் ஜெயிச்சா. எனக்குப் பொறாமைப்படக்கூட ஒழுங்கா ஒரு காரணத்த விட்டு வைக்க மாட்டா.

அந்தப் பென்சில் எழுத்து ரப்பர் போட்டா போயிடுமா? இல்ல, அழிக்க வேணாம். அழிச்சதெல்லாம் போதும். பக்கத்துல எடம் இருக்கா? பதினோரு எழுத்துக்கு மேல ஆகுமே என் பேர்... இருங்க, மணி அடிக்குது.

யாரு?

கேட்டுச்சா உங்களுக்கு? அதேதான். பேனாவக் குடுங்கம்மா, நானே எழுதிக்கிறேன். நீங்க போய்க் கதவத் திறங்க.